வாயு மண்டலமும் தணிகை மலையும்

கோடைக்காலத்தில் திருத்தணி நகரின் வெம்மை தாங்கொணாதாகும்போது, மலைமேல் ஏறினாற் குளிர்ச்சி பெறலாமென எண்ணுவோர் பலர். ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகக் கூறப்படும் 365 படிகளையும் ஏறி நின்றால், காற்று வீசுமேயன்றி வெம்மை குறையக் காணோம். முருகன் சினந் தணிந்தமையால் தணிகையெனப் பெயர் பெற்ற மலையில் வெயில் மட்டும் தணியாமை யாதுபற்றி என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

நாம் காற்றென்னும் கடலின் அடியில் வாழ்கின்றோம். உலர்ந்த காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு நைட்ரஜனும், 21 பங்கு பிராணவாயுவும், 1 பங்கிற்குச் சிறிது குறைய ஆர்கானும் உள. எஞ்சிய சிறு பங்கிலே கரியமில வாயு முதலியன அடங்கும். நீராவியோ இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப மிக்கும் குறைந்தும் நிற்கும்.

இக்கடல் பல அடுக்குகளை உடையது. அடியிலுள்ள கீழடுக்கு, நம் நாட்டையொத்த வெப்ப நாடுகளில் 16 முதல் 18 கிலோமீட்டர் வரை உயர்ந்துள்ளது; துருவங்களில் அதன் பாதியளவே. மழையும் புயலும் இதனகத்தே தோன்றுவன. ஞாயிற்றின் கதிர் நிலத்தைச் சுட, நிலம் காற்றைச் சுடுகின்றது. ஆதலின் மேலே செல்லச் செல்ல, கிலோமீட்டருக்குச் சராசரி 6.5 பாகை சென்டிகிரேடு வெப்பம் குறையும். படியொன்று அரையடி உயரமெனக் கொள்ளின், 365 படியும் ஏறத்தாழ 55 மீட்டரே. அதனாற் குறைவது அரைப் பாகைக்கும் குறைவே! நம் ஐயமும் இதனால் நீங்கிற்று.

இதற்குமேல் 50 கிலோமீட்டர் வரை மீள் அடுக்கு. ஆங்குள்ள ஓசோன் ஞாயிற்றின் தீய கதிர்களை உண்டு வெப்பமடைதலின், அங்கு மேலே செல்லச் செல்ல வெப்பம் மிகும். அதன்மேல் 80 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் வரை இடையடுக்கு. மீண்டும் குளிர் மிகும் இடம் அது. அதற்கும் மேலது வெப்ப அடுக்கு. காற்று இயங்கும் திசையினையும், அதற்கப்பால் வெறிதாய் நிற்கும் ஆகாயத்தினையும் வேறு பிரித்துக் கூறும் புறநானூற்று 30-ஆம் பாட்டு ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வடுக்குகளை ஆராயும் நிலையமொன்று நமக்கு அணித்தே உளது. ஆந்திர எல்லைக்கப்பால், திருப்பதியை அடுத்த காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையத்தில், 1024 அலைவாங்கிகளைக் கொண்ட ரேடார் ஒன்று வானோக்கி அலைகளைச் செலுத்தி, மீள்வனவற்றைக் கொண்டு மேற்காற்றின் இயக்கத்தை அளக்கின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இடையில் பத்து இலக்கம் பங்கிற்கு ஏறத்தாழ 280 ஆக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐக் கடந்துவிட்டது. நிலம் விடுக்கும் வெப்பத்தை அது தடுத்து வைத்தலால் உலகின் வெம்மை மிகுகின்றது. எனினும் மனந்தளர வேண்டுவதில்லை. தென்துருவத்தின் மேல் ஓசோன் பெரிதும் அருகியமை 1985-இல் வெளியாயிற்று. 1987-இல் நாடுகள் மான்றியலிற் கூடி, அதனை அழிக்கும் பொருள்களை விலக்க உடன்பட்டன. அவ்வோசோன் இன்று மெல்ல மெல்லத் தேறி வருகின்றது. அறிந்து ஒன்றுபடின் கெட்டதும் திருந்தும் என்பதற்கு இதுவே சான்று.

இறைவன் விலையின்றி அளித்தது நம் மூச்சு. அதனை மாசின்றி வருவோர்க்கு விட்டுச் செல்லுதல் கற்றோராகிய நம் கடனன்றோ?