ஓட்டை கீசரும் போட்ட காசும்: கழட்டணுமா, ரிப்பேர் பண்ணணுமா?

இன்னைக்கு பாடம் பங்குச் சந்தை இல்லைங்க, பாத்ரூம் கீசர்.

பீளமேட்டுல எங்க வீட்டு 25 லிட்டர் கீசருக்கு வயசு 12. எங்களுக்கு போர் தண்ணிதான், நல்ல உப்பு. உப்புத் தண்ணியில காயில் மேல வெள்ளையா படிவு ஏறும். காயில் அதிகமா சூடாகி சீக்கிரம் எரிஞ்சு போகும். ரெண்டு வருஷத்துல காயில், தெர்மோஸ்டாட், மறுபடியும் காயில்னு 3,400 ரூபாய் போச்சு. போன மாசம் டாங்க்கே ஒழுக ஆரம்பிச்சுது. பிளம்பர் அண்ணன், "வெல்டிங் வச்சுத் தர்றேன், 1,200 ஆகும். ஆனா ஆறு மாசம் தாங்குனாலே பெருசுங்க"ன்னாரு.

அப்பா சொன்னது இதுதான்: "இப்பத்தான கண்ணு 3,400 போட்டோம். கழட்டுனா அத்தனையும் வீணாயிருமே?"

இங்கதான் நாம எல்லாரும் சறுக்குறோம். அந்த 3,400 ஏற்கெனவே போயிருச்சு. கீசரை வச்சிருந்தாலும் வராது, கழட்டினாலும் வராது. இதுக்குப் பேரு 'சங்க் காஸ்ட்'. முடிவெடுக்கும்போது இனிமேல் ஆகப்போற செலவை மட்டும்தான் பார்க்கணும்.

கணக்கு போடுவோம்:

வழி 1, வெல்டிங்: ஆறு மாசத்துக்கு 1,200. அதாவது வருஷத்துக்கு 2,400.

வழி 2, புதுசு: 15 லிட்டர் கீசர் 7,500, ஃபிட்டிங் 700, பழசைப் போட்டா 1,000 கழியும். நிகரம் 7,200. எட்டு வருஷம் உழைச்சா வருஷத்துக்கு 900.

பார்த்தீங்களா? ரெண்டு வழியிலயும் அந்த 3,400 வரவே இல்லை.

கரன்ட்டையும் சேருங்க. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏத்த ஏறக்குறைய 1 யூனிட் ஆகும். 15 லிட்டருக்கு 0.6 யூனிட். தினம் ஒரு தடவைன்னா, ரெண்டு மாச பில்லுல 24 யூனிட் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் ஸ்லாப்போட ரேட்டும் ஏறுற நம்ம பில்லுல, எல்லைக்கிட்ட நிக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஞாபகம் வச்சுக்க ஒரே வரி: பார்ட் போனா ரிப்பேர், டாங்க் போனா ரிடயர். காயில், தெர்மோஸ்டாட், வாஷர் எல்லாம் மாத்தலாம். டாங்க் அரிச்சிருச்சுன்னா அடுத்தடுத்து ஓட்டை வரும். ஒழுகுற தண்ணி வயர்ல பட்டா ஷாக் அபாயம் வேற. அதுக்கு எந்தக் கணக்கும் ஈடாகாது.

கழட்டும்போது:

1. முதல்ல எம்.சி.பி.யை ஆஃப் பண்ணுங்க. தண்ணி ஆறட்டும். வயரை எலக்ட்ரீஷியனே கழட்டட்டும்.
2. உள்ளே தண்ணி வர்ற வால்வை மூடி, டாங்க்கைக் காலி பண்ணுங்க. 25 லிட்டர் தண்ணின்னாலே 25 கிலோ. அந்த எடையோட இறக்கக் கூடாது.
3. புதுசு மாட்ட நாளாகும்னா ரெண்டு பைப்புக்கும் எண்ட் கேப் போடச் சொல்லுங்க.
4. எர்த் சரியா இருக்கான்னு இப்பவே செக் பண்ணிடுங்க. ஆர்.சி.சி.பி. இல்லாட்டி இதுதான் போட நேரம்.
5. பழசை மொத்த விலைக்குத் தள்ளி விடாதீங்க. சில பழைய மாடல்ல உள் டாங்க் செம்பு. செம்புக்கும் இரும்புக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். எடை போட்டு, எக்ஸ்சேஞ்ச் விலையோட ஒப்பிட்டுப் பார்த்துக் குடுங்க.

அப்பாகிட்ட இந்தக் கணக்கை நோட்டுல எழுதிக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "சரி, கழட்டச் சொல்லு"ன்னாரு.

உங்களுக்கு வீட்டுப்பாடம்: வீட்டுல இருக்கிற கீசர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஒவ்வொண்ணுக்கும் வயசு எழுதுங்க. கீசருக்கு மட்டும் மாசம் 100 ரூபாய் தனியா எடுத்து வச்சாலே ஆறு வருஷத்துல 7,200. அடுத்த தடவை டாங்க் ஒழுகும்போது இ.எம்.ஐ. தேவைப்படாது. அடுத்த பாடத்துல பார்ப்போம்ங்க!