புகைப்படத் தொழிலும் வாடிக்கைக்காரரும்

படிப்பு முடிந்த பின் என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களிடம், "கல்யாணங்களில் போட்டோ எடுக்கிறேன்" என்று சொன்னால், "அது சரி, வேலை என்ன பார்க்கிறாய்?" என்று அடுத்த கேள்வி பிறக்கிறது. நம் தமிழ் மன்றத்து இளைய நண்பர்கள் சிலர் மட்டும் வேறு விதமாகக் கேட்டார்கள். இத்தொழிலை எப்படித் தொடங்குவது, வாடிக்கைக்காரரை எங்கே தேடுவது என்பது அவர்கள் கேள்வி. அவர்களுக்காகவே இக்கட்டுரை. ஐந்தாண்டுகளில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முற்றும் அறிந்தவன் என்று என்னை எண்ணிவிட வேண்டாம்.

நான் தொழில் நடத்தும் ஊர் நாராயணவனம். புத்தூருக்கு அருகில் உள்ளது. சித்தூர் மாவட்டத்தில் இருந்து 2022ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. என் அக்காளை அவ்வூரில் கொடுத்திருக்கிறோம். ஆகவே தங்க இடத்துக்கும் இரண்டு வேளைச் சோற்றுக்கும் எனக்குக் கவலை இருக்கவில்லை. ஆகாச ராஜன் ஆண்ட தலைநகர் இதுவென்றும், சீனிவாசப் பெருமாள் பத்மாவதித் தாயாரை மணந்தது இங்கேதான் என்றும் ஐதிகம். சுவாமிக்குத் திருநாமமே கல்யாண வேங்கடேசுவரர். அந்தக் கல்யாணச் செலவுக்காகக் குபேரனிடம் வாங்கிய கடனைப் பெருமாள் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார் என்பார்கள். பெருமாளுக்கே இந்தக் கதி என்றால், கல்யாணம் முடிந்த வீட்டில் பாக்கி கேட்கப் போகும் போட்டோக்காரன் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? பேசிய தொகையில் பாதியை அச்சாரமாக வாங்குங்கள். கால் பங்கை முகூர்த்தத்தன்று வாங்குங்கள். மீதியை ஆல்பம் கைமாறும்போது வாங்கிவிடுங்கள். இதை நான் கற்பதற்கு மூன்று கல்யாணங்களின் பாக்கி செலவாயிற்று.

கருவிகளைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. ஒருவர் கைப்பட்டுப் பழகிய காமிராவை ரூ. 42,000க்கு வாங்கினேன். அதோடு ஒரு 50 மி.மீ. லென்ஸ், ஒரு பிளாஷ். மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கும் ஓமப் புகைக்கும் அந்த லென்ஸ் ஒன்றே பெரும்பாலும் போதும். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு மெமரி கார்டுகளில் படம் பதியும் காமிராவாகப் பார்த்து வாங்குங்கள். அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். கெட்டுப்போன கார்டைக் காட்டி மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது.

இனி வாடிக்கைக்காரர் விஷயம். பலகை மாட்டினேன், விலாசச் சீட்டு அச்சடித்து மண்டபந்தோறும் கொடுத்தேன், இன்ஸ்டாகிராமில் நாள்தோறும் ஒரு படம் போட்டேன். மூன்று மாதத்தில் வந்தவை பாஸ்போர்ட் படங்களும் ஒரு காதுகுத்தும்தான். அப்போது அத்தான் என்னைப் புத்தூர்ப் பக்கம் கைகாட்டினார். புத்தூர்க் கட்டை அறியாத தமிழர் உண்டோ? எலும்பு முறிந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ அங்கே வந்தார்கள். குணமானவன் ஊருக்குத் திரும்பி நாலு பேரிடம் சொன்னான்; அவ்வளவுதான் விளம்பரம். இன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அப்பெயரிலேயே பலகைகள் தொங்குகின்றன. "முதலில் நாலு கையைச் சரியாகக் கட்டு, மாப்பிள்ளை" என்றார் அத்தான்.

அந்த நாட்களில் ராஜா தீன் தயாளின் வரலாற்றைப் படித்தேன். 1844இல் மீரத்துக்கு அருகில் பிறந்தவர். ரூர்க்கியில் பொறியியல் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைபட வேலை பார்த்தவர். பொழுதுபோக்காகப் பிடித்த காமிராவே அவருக்குப் பிழைப்பாயிற்று. ஐதராபாத்தின் ஆறாம் நிஜாமுடைய ஆஸ்தானப் புகைப்படக்காரரும் ஆனார். அவருடைய புகழைவிட ஒரு சிறு செய்தியே என்னை நிறுத்தி வைத்தது. 1892இல் ஐதராபாத்தில் பெண்களுக்கென்றே ஒரு படக்கூடம் திறந்து, அதை ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். கோஷாப் பெண்கள் அந்நிய ஆடவன் முன்னால் வந்து உட்கார மாட்டார்கள். வராதவர்களை வரச் சொல்லிக் கூவாமல், அவர்கள் வீட்டு வழக்கம் என்ன என்று பார்த்து அதற்கேற்ற வாசலை அவர் அமைத்தார். வாடிக்கை தேடுவதில் இதைவிட நல்ல பாடம் ஏதும் எனக்குத் தெரியாது.

படித்தவுடன் புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என் பெரிய பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய கல்யாணம் ஒரு தெலுங்குக் குடும்பத்தினுடையது. தெலுங்குக் கல்யாணங்களில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அதையே பார்த்ததாக எண்ணிக்கொண்டேன். தாய்மாமன் மணப்பெண்ணை மூங்கிற் கூடையில் உட்கார்த்தித் தூக்கி வந்த காட்சியை ஆசை தீர எடுத்தேன். பிறகு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே திரை பிடித்தார்கள். மந்திரம் நடந்துகொண்டிருந்தது. தாலிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பாட்டரி மாற்றிவிடலாம் என்று பையண்டை குனிந்தேன். கெட்டி மேளம் முழங்கிற்று. நிமிர்ந்தால் திரை இல்லை. இருவர் தலையிலும் சீரகமும் வெல்லமும் கலந்த உருண்டை இருக்கிறது. கூடியிருந்தோர் அட்சதை போட்டு முடித்துவிட்டார்கள்.

நமக்குத் தாலி கட்டும் நொடிதான் முகூர்த்தம். அவர்களுக்கோ ஒருவர் தலையில் ஒருவர் அந்த ஜீலகர்ர பெல்லத்தை வைக்கும் நொடியே சுமுகூர்த்தம். தாலியும் தலம்பிராலும் அதற்குப் பின்னர். திரை விலகி இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் அந்தக் கணம் என் காமிராவில் இல்லை.

அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்துவிடலாம் என ஒரு யோசனை வந்தது, மறைக்கவில்லை. இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்து, காலையில் பெண்ணின் தகப்பனாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அவள் பாட்டி படுக்கையில் இருக்கிறாள். அவளுக்குக் காட்டத்தான் முக்கியமாக வேண்டியிருந்தது" என்றார். உறவினர் ஒருவர் கைப்பேசியில் பிடித்த கலங்கலான படம் ஒன்று கிடைத்தது. அதைத்தான் பாட்டிக்குக் காட்டினார்கள். கால் பங்குத் தொகையைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டார் பிறகு என்னை அழைக்கவில்லை. அழைக்காததில் தவறும் இல்லை.

அதே வாரம் அக்கல்யாணத்தை நடத்திவைத்த பந்துலுகாருவின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். "நாயனா, நீ தாலிக்குக் காத்திருந்தாய், முகூர்த்தம் உனக்காகக் காத்திருக்குமா?" என்று சிரித்தார். கணபதி பூஜை முதல் அருந்ததி பார்ப்பது வரை எந்தச் சடங்குக்குப் பின் எது, எங்கே எவ்வளவு நேரம் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் வழக்கங்களைத் தனியே குறிக்கச் சொன்னார். அதுமுதல் எந்தக் கல்யாணம் ஒப்புக்கொண்டாலும், ஒரு வாரம் முன்னதாக அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும் புரோகிதரிடமும் அரைமணி நேரம் உட்காருகிறேன். அடுத்த இரண்டு கல்யாணங்களை அனுப்பி வைத்தவர் பந்துலுகாருவே. நான் சீட்டுக் கொடுத்த மண்டபக்காரர்கள் அதற்குப் பிறகுதான் என் பெயரை நினைவில் வைத்தார்கள்.

பஞ்சாங்கமும் அந்தத் திண்ணையிலேயே விளங்கிற்று. தமிழர் ஆடியில் கல்யாணம் செய்வதில்லை. தெலுங்கர் ஆஷாடத்தில் செய்வதில்லை. இரண்டும் ஒன்றென்றே நான் எண்ணியிருந்தேன். நம் மாதம் சூரியனைக் கொண்டது. அவர்களுடையது சந்திரனைக் கொண்டது. ஆஷாடம் பெரும்பாலும் நம் ஆனியிலேயே தொடங்கி, ஆடியின் நடுவிலேயே முடிந்து சிராவணம் பிறந்துவிடும். ஆகவே நம்மவர் ஓய்ந்திருக்கும் பின் ஆடியில் தெலுங்கு வீடுகளில் மேளம் கேட்கும். அவர்கள் ஓயும் ஆனியில் நம் வீடுகளில் கேட்கும். சில ஆண்டுகளில் அதிக மாதம் வந்து கணக்கைத் தள்ளிவிடும். பஞ்சாங்கம் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். எல்லைப்புறத்துப் போட்டோக்காரனுக்கு இரு மொழியும் இரு வழக்கமும் தெரிந்தால் ஆண்டில் சில வாரங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. அவ்வாரங்களில்தான் என் கடை வாடகை அடைகிறது.

சட்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தவன் நானாயிற்றே என்று வாடிக்கைக்காரரின் படத்தைக் கடை வாசலிலோ இணையத்திலோ போடுவது முறையன்று. அச்சார ரசீதிலேயே ஒரு வரி எழுதிச் சம்மதமா என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலோர் சரியென்கிறார்கள். சென்ற ஆவணியில் ஒரு நெசவாளர் வீட்டுக் கல்யாணத்தில், திரை விலகிய நொடியில் பெண் சிரித்த சிரிப்பை இம்முறை தவறாமல் பிடித்தேன். இதுவரை நான் எடுத்தவற்றுள் அதற்கு நிகர் வேறில்லை. "எங்கள் பெண் படம் வெளியில் வேண்டாம், தம்பி" என்று அவள் தாயார் சொல்லிவிட்டார். படம் அவர்கள் ஆல்பத்தில் மட்டும் இருக்கிறது.