லோகிதாசனுக்கும் அர்ச்சுனனுக்கும் நடுவே



பாகவதரின் பிள்ளைப் பிராயத்தை வைத்து நீங்கள் எழுதிய இசை நாடகப் பிரதியைப் படித்தேன். பாடக நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் யார், அவருக்குத் திருச்சி என்ன செய்தது என்பதெல்லாம் ஸ்ரீரங்கத்தில் இருந்து எழுதும் உங்களுக்குத் தெரியும். அதனால் நேராக என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். மூன்றாம் காட்சி முடிந்து படுதா இறங்கியதும், ‘ஆறு ஆண்டுகள் கழிந்தன’ என்று உள்ளிருந்து ஒரு குரல் சொல்கிறது. படுதா ஏறினால் பொன்மலை, பவளக்கொடி நாடகம். சற்று முன்னால் ஹரிச்சந்திரன் மகன் லோகிதாசனாகச் செத்துக் கிடந்த அதே பையன் மீசை வரைந்துகொண்டு அர்ச்சுனனாக வந்து, அதே குரலில், அதே கட்டையில் பாடுகிறான். ஒரே வரியில் நீங்கள் தாண்டிப் போன அந்த ஆறு ஆண்டுகள்தான் பாடி நடிக்கும் ஒரு பிள்ளையின் தலைவிதியைத் தீர்மானிப்பவை. நாடகம் அங்கேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டு பக்கத்துக் கச்சேரியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொரு எரிச்சலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பையன் வாயைத் திறக்கும் இடமெல்லாம் ‘சபை மெய்மறக்கிறது’ என்று குறிப்பு எழுதுகிறீர்கள். சபை மெய்மறப்பதும் மறக்காததும் சபையின் பாடு. அதை எழுதிவைத்து வரவழைக்க முடியாது. அந்த இடத்தில் எழுத வேண்டியது கட்டை: எந்தச் சுருதி, மேலே எந்த ஸ்தாயி வரை, எந்த இடத்தில் மூச்சு. கட்டை எழுதாத இசை நாடகப் பிரதி பாதிப் பிரதி என்பது என் உறுதியான எண்ணம். நீங்கள் கட்டையை எழுதியிருந்தால் பத்து வயதுப் பையனையும் பதினாறு வயது வாலிபனையும் ஒரே குரலில் பாடவிட்டிருக்க மாட்டீர்கள். கை தானாக நின்றிருக்கும். உங்கள் இரண்டு குற்றங்களும் உண்மையில் ஒரே குற்றம்.

மைக் வராத காலத்துக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். கால் ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மீறி, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதில் சாகித்தியம் தெளிவாக விழ வேண்டும். இன்று கச்சேரி மேடையில் ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் சுகமாகப் பாடுகிறார்கள். அன்றைய நாடக மேடையில் நாலு கட்டைக்குக் குறைந்தால் நிற்க முடியாது. சிறு பையன்களுக்கு அந்த உயரம் இயற்கையாகவே வாய்த்திருந்தது. பாலர் சபைகள் ஊர் ஊராகச் செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். பதின்மூன்று, பதினாலு வயதில் மகரக்கட்டு வந்ததும் குரல்வளை பெருத்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. இறங்கும் மாதங்களில் அது எந்தப் பக்கம் சாயும் என்று பாடுகிறவனுக்கே தெரியாது. அந்த நேரத்தில் பழைய கட்டையிலேயே கத்திப் பாடிய குரல் பிறகு தேறுவது கடினம். பாடாமல் இருந்தால் சோறு போடுவது யார் என்ற கேள்வி வரும்.

பாலர் கம்பெனிகளில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டும் வசனமும் தமிழும் கிடைத்த அளவுக்கு இன்று எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. ஆனால் கம்பெனி என்பது தினப்படி வசூலில் ஓடுவது. ராஜபார்ட்டுக்குத் தொண்டை போனால் மறுநாளே வேறு பையன் அந்த வேஷத்தைக் கட்டியாக வேண்டும். புதுக்கோட்டை பி.யு. சின்னப்பாவைப் பாருங்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடிப் பேர் வாங்கியவர், மகரக்கட்டில் குரல் கம்மியதும் மேடையை விட்டு விலகினார். சிலம்பம் பழகினார், கனம் தூக்கினார், முறையாகச் சங்கீதம் கற்றார். அதன் பிறகுதான் 1940-இல் ‘உத்தம புத்திரன்’, 1944-இல் ‘ஜகதலப்பிரதாபன்’. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் நேர்ந்த கதையும் அல்ல. வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்தில் சிறுவர் குழுவில் பாடிவந்த ஜோசப் ஹைடனை, குரல் போன பிறகு, 1749-இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் ஐரோப்பாவே கொண்டாடிய சங்கீதக்காரர் அவர். அன்றைக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த உச்ச ஸ்தாயி மட்டுமே.

இப்போது உங்கள் கதாநாயகனுக்கு வாருங்கள். எஃப்.ஜி. நடேச ஐயர் தென்னிந்திய ரயில்வேயின் அதிகாரி. 1914-இல் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர். சபாவின் ‘ஹரிச்சந்திரா’வில் அவர் பாகவதருக்கு லோகிதாசன் வேஷம் கொடுத்தபோது பையனுக்கு வயது பத்து. அது உத்தியோகஸ்தர்கள் ஆசைக்காக நடத்திய அமெச்சூர் சபை. பையன் பாடினால்தான் நாளைக்கு அடுப்பெரியும் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. மதுரை பொன்னு ஐயங்கார் என்ற பிடில் வித்துவான் ஆண்டுக்கணக்கில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். நடராஜ வாத்தியார் நடிப்புக் கற்றுத் தந்தார். 1926-இல் பொன்மலையில் பவளக்கொடி நாடகத்தில் அர்ச்சுனனாக வந்தபோது, குரலின் மிக ஆபத்தான காலத்தை அந்தப் பிள்ளை சொந்த ஊரில், குருவின் பார்வையில் கடந்து முடித்திருந்தான். பாகவதர் குரலைக் கடவுள் கொடுத்தார் என்று உங்கள் பிரதி திரும்பத் திரும்பச் சொல்கிறது. கொடுத்தது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதைக் கெடாமல் காப்பாற்றியது திருச்சி என்பதே என் வாதம்.

இதற்கு நீங்கள் கிட்டப்பாவைக் காட்டி மறுக்கலாம். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா சிறு வயதிலேயே கம்பெனி மேடை ஏறியவர். குரலுக்கு ஒரு குறையும் வரவில்லையே என்பீர்கள். நியாயமான மறுப்பு. ஆனால் அவர் தனியாக விடப்பட்ட பிள்ளை அல்ல. சகோதரர்களோடு மேடை ஏறியவர். அவருக்கு ஆர்மோனியம் வாசித்ததே அண்ணன் காசி ஐயர்தான். சுருதி வைக்கிற கை வீட்டுக் கையாக இருந்தது. திருச்சி சங்கிலியாண்டபுரத்திலிருந்து கம்பெனிக்குப் போய்ச் சீதை வேஷம் கட்டிய சிவாஜி கணேசனையும் நீங்கள் சொல்லக்கூடும். கம்பெனி அவரை மாபெரும் நடிகராக்கியதை யார் மறுப்பது? ஆனால் 1952-இல் ‘பராசக்தி’யில் அவருக்காகப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன். இதைக் குரல் கெட்டதற்குச் சாட்சியாக நான் வைக்கவில்லை. அதற்குள் பின்னணிப் பாட்டு வழக்கமாகி, நடிகனுக்குச் சொந்தப் பாட்டே தேவையில்லாமல் போயிருந்தது. பாலர் கம்பெனி நடிகனை உருவாக்கும். பாடகனை உருவாக்க அதனிடம் அவகாசம் இல்லை. நான் சொல்வது அவ்வளவுதான்.

அவகாசம் என்றதும் உங்கள் ஊர்க் கோயிலின் அரையர் சேவை நினைவுக்கு வருகிறது. மார்கழியில் பகல் பத்து, இராப்பத்து நாட்களில் குல்லாய் சூடி, தாளம் தட்டி, பாசுரம் பாடி அபிநயம் பிடிக்கிறார்களே, அதுவும் பாட்டும் நடிப்பும் கலந்த மேடைதான். தகப்பனிடம் மகன் கற்கும் பரம்பரைக் கலை அது. குரல் கம்மியது என்று ஒரு பையனைக் கணக்குத் தீர்த்து அனுப்ப அங்கே முதலாளி கிடையாது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இதை நீங்கள் யோசிக்காமல் விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆறு ஆண்டுகளைப் பற்றி வாழ்க்கை வரலாறுகளில் ஒன்றிரண்டு வரிகள்தானே இருக்கின்றன, எதை வைத்து எழுதுவது என்று கேட்பீர்கள். இரண்டாம் காட்சியை எதை வைத்து எழுதினீர்கள்? பாம்பு தீண்டிய லோகிதாசன் துணியால் மூடப்பட்டுக் கிடக்கிறான். சந்திரமதி வேஷக்காரர் புலம்பிப் பாட, கொட்டகை ஒன்ஸ்மோர் கேட்க, துணிக்கடியில் பிணத்தின் கால் கட்டைவிரல் தாளம் போடுகிறது. அழுதுகொண்டே சந்திரமதி குனிந்து, “விரலை நிறுத்துடா” என்று மெல்லச் சொல்கிறார். தம்பி, அந்த அரைப் பக்கத்தில் ஒரு பிள்ளை நடிகனின் முழு ஜீவனும் இருக்கிறது. சாகவும் வேண்டும், தாளமும் விடக்கூடாது. சமீபத்தில் எழுதப்பட்ட எந்த மேடைப் பிரதியிலும் இதற்கு ஈடான ஒன்றை நான் படித்ததில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்த விரலைக் கண்டுபிடித்தவருக்கு, பொன்னு ஐயங்கார் பிடிலில் ஒரு ஸ்வரத்தை நீட்ட, நேற்று எட்டிய இடம் இன்று எட்டாமல் அந்தப் பையன் வாயைத் திறந்தபடி நிற்கும் காலைப்பொழுதா எழுத வராது?

அப்படி ஒரு காட்சியில் நல்ல பாட்டே இருக்காது, பாட்டுக்காக வந்த ஜனம் எழுந்து போய்விடும் என்று சபாக்காரர்கள் பயமுறுத்துவார்கள். ஒரு குரலைப் பறிகொடுத்துவிட்டோம் என்று நம்பி உட்கார்ந்திருக்கும் ஜனம்தான் அடுத்த காட்சியில் அது திரும்பி வரும்போது கேட்கும். இப்போது உங்கள் அர்ச்சுனன் பாடுவதில் என்ன இருக்கிறது? லோகிதாசன் பாடியதையே மீசையோடு பாடுகிறான்.

ஆகவே ‘ஆறு ஆண்டுகள் கழிந்தன’ என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு முழுக் காட்சி எழுதுங்கள். இரண்டு நடிகர்களை வையுங்கள்: மகரக்கட்டுக்கு முன்னால் ஒருவன், அதைத் தாண்டிய ஒருவன். நடுக்காட்சிக்குக் குரல் மாறிக்கொண்டிருக்கும் பையனே கிடைத்தால், அவனைப் பாட வைக்காதீர்கள். அவனுடைய பாட்டைப் பிடில் வாசிக்கட்டும். ‘சபை மெய்மறக்கிறது’ எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பிரதியை ஒரு பழைய ஆர்மோனிய வாத்தியாரிடம் கொடுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே கட்டையை எழுதி வாங்குங்கள். வாங்கியதும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள்.