ரவுட்டரில் மாற்றிய அமைப்புகள் அழிந்துவிட்டால்

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைக்கோ எழுவான்கரைக்கோ திரும்பி வந்து, வீட்டுக்கு இணைய இணைப்பு எடுத்திருப்பீர்கள். நீங்கள் மாற்றி வைத்த வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒருநாள் அழிந்து, பழையவை திரும்ப வரலாம். பிள்ளையின் இணையவழிப் பாடமும் வெளிநாட்டு உறவினருடனான பேச்சும் தடைப்படும். பதற வேண்டாம்; காரணத்தைத் தேடுங்கள்.

1. மாற்றியபின் சேமித்தீர்களா? சேமிக்கும்போது மின்சாரம் நின்றாலும் மாற்றம் பதியாது.

2. ரவுட்டரிலுள்ள ‘ரீசெட்’ பொத்தானை யாராவது அழுத்தினார்களா? சில விநாடிகள் தொடர்ந்து அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

3. இணைப்பு வழங்கிய நிறுவனம் தூரத்திலிருந்து அமைப்புகளைப் புதுப்பித்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். ஸ்ரீலங்கா ரெலிகொம் இணைப்பானால் 1212.

4. ஒவ்வொரு மின்வெட்டிலும் அழிகிறதா? ரவுட்டர் பழுதாகியிருக்கலாம். உத்தரவாதக் காலம் முடியுமுன் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மீண்டும் அமைப்பதற்கான முகவரி (பல ரவுட்டர்களில் 192.168.1.1), பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியன அடிப்பக்க ஒட்டியில் இருக்கும். அந்தக் கடவுச்சொல்லை அப்படியே விடாதீர்கள். பார்த்தவர் எவரும் உங்கள் டேட்டாவைப் பாவிக்கலாம். புதியதை ஒரு கொப்பியில் எழுதி, காணிப் பத்திரங்களுடன் பத்திரப்படுத்துங்கள்.

நல்ல நிலையிலுள்ள ரவுட்டரில், மின்சாரம் நிற்பதால் மட்டும் சேமித்தவை அழிவதில்லை. ஆகவே மாரிகாலத்தில் வானம் இருண்டு வரும்போதே, இடி முழங்குமுன், மின் பிளக்கையும் தொலைபேசி வயரையும் தயங்காமல் கழற்றிவிடுங்கள். அமைப்பைத் திரும்பச் செய்யலாம்; மின்னல் தாக்கினால் ரவுட்டரோடு ஆளுக்கும் ஆபத்து.