டயப்பர் ஆயுள் தண்டனை அல்ல

“யூரின் டியூபை எடுத்தாச்சு, ஒழுகுது. இனி ஆயுசுக்கும் டயப்பர்தான்.”

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு என் சிகிச்சை அறைக்கு வருகிறவர்களில் பலர் இந்தத் தீர்ப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் டாக்டர் என்று ஒருவரும் சொல்வதில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார், மைத்துனர் சொன்னார், வாக்கிங் போகும் நண்பர் சொன்னார், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி என் தொழில். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

காது புளித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. இதை நம்பியவர்கள் செய்யும் காரியங்கள்தான் எரிச்சலைக் கிளப்புகின்றன. தண்ணீர் குடிப்பதைப் பாதியாகக் குறைக்கிறார்கள். பேத்தியின் காதுகுத்துக்குக்கூடப் போகாமல் வீட்டில் முடங்குகிறார்கள். ‘பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது’ என்று முதல் வாரத்திலேயே கைவிடுகிறார்கள். தசை வலுப்பெறாததால் ஒழுக்கு நீடிக்கிறது. உடனே மைத்துனர், “நான் அப்பவே சொன்னேனே!” என்கிறார்.

இந்த வதந்திக்குச் சாட்சி சொல்கிறவர்களைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்தால் போதும். “எங்க பெரியப்பாவுக்குக் கடைசிவரைக்கும் டியூப்தான் சார்.” அந்தப் பெரியப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கையானவர், புரோஸ்டேட் ஆபரேஷனே செய்துகொள்ளாதவர். மாதாமாதம் டியூப் மாற்றிய அவர் கதைக்கும் உங்கள் கதைக்கும் என்ன சம்பந்தம்? எதிர்ப்பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. “என் நண்பருக்கு மூணாம் நாள் டியூப் எடுத்தாங்க, ஒரு சொட்டு ஒழுகல.” அவருக்கு நடந்தது வயதானால் வரும் சாதாரண வீக்கத்துக்கான ஆபரேஷன். சிறுநீர்ப் பாதை வழியாகவே உள்ளே போய், அடைத்துக்கொண்டிருந்த சதையை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். புற்றுநோய்க்குச் செய்வது சுரப்பியையே முழுதாக அகற்றும் ஆபரேஷன். இரண்டையும் ‘புரோஸ்டேட் ஆபரேஷன்’ என்று ஒரே பெயரில் சொல்லிக்கொள்வதால் ஒருவர் கதையை இன்னொருவர் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

சரி, டியூபை எடுத்ததும் ஏன் ஒழுகுகிறது? புரோஸ்டேட் சிறுநீர்ப்பையின் வாய்க்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்ப் பாதை அதற்குள் புகுந்துதான் வெளியே வருகிறது. சுரப்பியை எடுக்கும்போது அந்தப் பாதைத் துண்டும் சேர்ந்து போகிறது. மிச்சமிருக்கும் பாதையின் முனையை மேலே இழுத்துச் சிறுநீர்ப்பையின் வாயோடு தைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை சிறுநீர் தேங்காமல் வடியவும், இணைப்பு கோணாமல் நிற்கவும்தான் டியூப். பெரும்பாலும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் இருக்கும். தையல் ஆறியதா என்று சந்தேகம் இருந்தால் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இன்னும் சில நாள் நீட்டிப்பதும் உண்டு. நீட்டித்ததால் ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று ஊருக்குத் தகவல் அனுப்ப வேண்டாம்.

சிறுநீரை அடக்கிவைக்க ஆண்களுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. மேலே இருப்பது சிறுநீர்ப்பையின் வாயில், புரோஸ்டேட்டை ஒட்டி. நாம் நினைக்காமலே தன் பாட்டுக்கு வேலை செய்வது அது. ஆபரேஷனில் அது பெரும்பாலும் போய்விடுகிறது. கீழே இருப்பது, சுரப்பிக்கு அடியில் பாதையைச் சுற்றியுள்ள வளையத் தசை. அதைக் காப்பாற்றத்தான் அறுவை நிபுணர் அவ்வளவு பாடுபடுகிறார். இத்தனை வருடம் இரண்டு பேர் பார்த்த வேலையை இனி அது ஒற்றை ஆளாகப் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, கத்தி பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டியூப் நடுவில் கிடந்ததால் இத்தனை நாள் மூடவே முடியாமலும் இருந்திருக்கிறது. மாவுக்கட்டுப் பிரித்த அன்றே காலை ஊன்றி ஓடு என்று யாராவது சொல்வார்களா? இந்தத் தசையிடம் மட்டும் ஏன் அப்படி எதிர்பார்க்கிறீர்கள்? டியூப் எடுத்த அன்று ஒழுகுவது தோல்வி அல்ல. பெரும்பாலோருக்கு நடப்பதே அதுதான்.

அது வற்றுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. படுத்திருக்கும்போது முதலில் நிற்கும். இரவு ஈரமாகாமல் எழுந்தால் நல்ல அறிகுறி. அடுத்தது உட்கார்ந்திருக்கும்போது. நாற்காலியிலிருந்து எழுவது, இருமல், தும்மல், சிரிப்பு இவற்றின் போது கசிவது கடைசியில்தான் அடங்கும். காலையில் பரவாயில்லாமல் இருந்து சாயங்காலம் மோசமானால் பயப்பட வேண்டாம். பகலெல்லாம் உழைத்த தசை களைத்துவிட்டது, அவ்வளவுதான்.

எத்தனை நாள்? பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரியும். ஒரு வருடம் வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும், முன்னேற்றம் தொடரும். பிரிட்டனில் நடந்த ‘புரோடெக்ட்’ என்ற பெரிய ஆய்வில் ஆபரேஷன் பிரிவில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறாவது மாதத்தில் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது வருடத்தில் அது 17 சதவீதம். ஒழுக்கே வராது என்று ஆசை காட்டுகிறவரையும் இந்தக் கணக்கு பொய்யாக்குகிறது, ஆயுளுக்கும் டயப்பர் என்று பயமுறுத்துகிறவரையும் பொய்யாக்குகிறது. அந்த 17 சதவீதத்துக்குள்ளும் முன்னெச்சரிக்கைக்கு ஒரு பேட் வைப்பவரும் இருப்பார், நிஜமாகவே நனைகிறவரும் இருப்பார். ஒரு வருடம் கழிந்தும் நனைகிறவர்களுக்குப் பாதையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை உண்டு, செயற்கை வளையம் உண்டு. செயற்கை வளையத்தை அமெரிக்காவில் 1972-லேயே பொருத்திவிட்டார்கள். வழியில்லை என்று யாரும் உட்கார வேண்டியதில்லை.

இனி என் துறை. பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடந்த ஆய்வு 2000-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. டியூப் எடுத்ததிலிருந்து முறையாக இடுப்புத்தளப் பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். பெறாதவர்களில் 56 சதவீதம் பேர்தான். ‘2011-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் பெரிய வித்தியாசம் இல்லையே’ என்று சில டாக்டர் நண்பர்கள் என்னை மடக்குவார்கள். அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்கு வைத்தவர்களிலும் பலர் தாங்களாகவே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள் ஐயா! நம் ஊரில் ‘கீழே இறுக்கிப் பிடிங்க’ என்ற ஒரு வரியோடு டிஸ்சார்ஜ் ஆகிறவரின் நிலை வேறு.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மக்கள் செய்வதைப் பார்க்க வேண்டும். மூச்சைப் பிடிக்கிறார்கள், வயிற்றை எக்குகிறார்கள், பிட்டத்தை இறுக்குகிறார்கள், தொடையைச் சேர்த்து நசுக்குகிறார்கள். இறுக வேண்டியது மட்டும் சும்மா இருக்கிறது. பொது இடத்தில் வாயு வெளியேறாமல் அடக்குகிறோமே, அது ஒரு தொடக்கம். அதைவிடச் சரியானது ஆணுறுப்பை உள்ளுக்கு இழுத்துக் குட்டையாக்குவதுபோல நினைத்து இறுக்குவது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது வளையத் தசையை அதிகம் வேலை வாங்கிய கட்டளை இதுதான். சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுச் செய்யுங்கள். மூச்சு இயல்பாக ஓட வேண்டும். இறுக்கிய அளவுக்கு முழுதாகத் தளரவும் விட வேண்டும். எழும்போதும் தும்மும்போதும் அதற்கு ஒரு நொடி முன்பே இறுக்கப் பழகுங்கள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதைத் தினசரிப் பயிற்சியாக்க வேண்டாம். டியூப் உள்ளே இருக்கும்போது இறுக்கும் பயிற்சி கூடாது. ஆனால் ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் ஜிம்முக்குப் போகிற சமூகம் இதற்கு மட்டும் கடைசி நாள்வரை காத்திருக்கிறது.

தண்ணீர் விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். “நான் அவருக்குத் தண்ணியையே குறைச்சிட்டேன் சார், நாளைக்கு நாலு தம்ளர்தான்” என்று பெருமையாகச் சொல்லும் மனைவிமார்கள் இருக்கிறார்கள். அம்மா, குறைத்தால் சிறுநீர் கெட்டியாகும், நீர்க்கடுப்பு வரும், பையை எரிச்சலூட்டி அடிக்கடி ஓட வைக்கும், மலச்சிக்கல் சேர்ந்துகொள்ளும். முக்கினால் புதிய தையலுக்கு ஆகாது. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு. மற்றவர்கள் தாகத்துக்குக் குறைவில்லாமல், நாளைக்கு ஒன்றரை இரண்டு லிட்டராவது குடிக்க வேண்டும். குறைக்க ஆசையாக இருந்தால் காபி, டீயைக் குறையுங்கள். தூங்கப்போகும் முன் ஒரு சொம்பு குடிப்பதை நிறுத்துங்கள்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தர மாட்டேன்.

டியூபை அறுத்து எடுப்பார்களாம்! உள்ளே இருப்பது 10 மில்லி அளவு தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன். சிரிஞ்சால் அந்தத் தண்ணீரை உறிஞ்சியதும் பலூன் சுருங்கும், டியூப் சில நொடிகளில் வழுக்கி வரும். கொஞ்சம் எரியும். நீங்களாக இழுத்துவிடாதீர்கள், பலூன் சுருங்காமல் இழுத்தால் உள்ளே கிழியும்.

டியூபோடு நடக்கவே கூடாதாம். நடக்காமல் கிடந்தால்தான் காலில் ரத்தம் உறையும் ஆபத்து. பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். சிறுநீர் லேசாக ரோஸ் நிறத்தில் வந்தாலோ டியூபைச் சுற்றி இரண்டு சொட்டுக் கசிந்தாலோ ஊரைக் கூட்ட வேண்டாம். கூடாதது 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவதும் ஸ்கூட்டரை உதைப்பதும். அதற்கு ஆறு வாரம் பொறுங்கள்.

ரோபோ செய்தால் ஒழுகாதாம். பிரிஸ்பேனில் ரோபோவையும் திறந்து செய்வதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். சிறுநீர்க் கட்டுப்பாட்டில் மூன்று மாதத்திலும் சொல்லும்படி வித்தியாசமில்லை, இரண்டு வருடத்திலும் இல்லை. கருவியைவிடக் கை முக்கியம்.

வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் ஒழுக்கை நிறுத்துமாம். வாழைத்தண்டைப் பொரியல் செய்து சாப்பிடுங்கள். கஷாயத்தைத் தவறாமல் குடித்துப் பயிற்சியைத் தவறவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஆண்மை அத்தோடு முடிந்ததாம். விந்து வராது, இயற்கையாகக் குழந்தை பிறக்காது, அது உண்மை. விறைப்புக்கான நரம்புகளைக் காப்பாற்றிச் செய்யும் முறையை பாட்ரிக் வால்ஷ் 1982-இல் செய்துகாட்டினார். நரம்பு பிழைத்தாலும் விறைப்பு திரும்ப ஒன்றரை இரண்டு வருடம் ஆகலாம், மருந்தும் தேவைப்படலாம். கேட்க வெட்கப்பட்டால் கிடைக்காது.

சுரப்பியை எடுத்தாச்சு, இனி பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வேண்டாமாம். இதைச் சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். சுரப்பி போனபிறகு பி.எஸ்.ஏ. அளக்க முடியாத அளவுக்கு இறங்க வேண்டும். பிறகு ஏறத் தொடங்கினால் நோய் எங்கோ மிச்சமிருக்கிறது என்று முதலில் சொல்லப்போவது அதுதான். டாக்டர் சொன்ன தேதிகளில் தவறாமல் பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. டியூப் எடுத்தபின் சிறுநீர் வராமல் அடிவயிறு முட்டினால், ரத்தம் கட்டிகட்டியாக வந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம். டியூப் அடைத்துக்கொண்டாலோ தானாகக் கழன்று வந்தாலோ தெருமுனை கிளினிக்கில் புதிதாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆறாத தையலைக் கண்ணை மூடிக்கொண்டு குத்துவது அது. ஆபரேஷன் செய்த குழுவுக்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக, பயிற்சியையும் மருத்துவத்தையும் தாண்டி ஒரு விஷயம். வெளியே போங்கள், கல்யாணத்துக்குப் போங்கள் என்று இவர்களிடம் சொல்லிவிடுகிறேன். போனவர் பேட் மாற்ற ஆண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தால் அதைப் போட ஒரு குப்பைக்கூடை இருக்கிறதா? பேருந்து நிலையம், ரயில் நிலையம், கல்யாண மண்டபம் என்று நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் இல்லை. நனைந்த பேடைச் செய்தித்தாளில் சுற்றி, பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். இல்லாவிட்டால் கோப்பைக்குள் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அடுத்த கல்யாணத்துக்கு அவர்கள் வர மறுப்பதற்கு இதுதான் காரணம், டாக்டருக்குப் புரியாத மர்மம் எதுவும் இல்லை. பிரிட்டனில் இதற்காகவே ‘பாய்ஸ் நீட் பின்ஸ்’ என்று ஒரு பிரசாரம் நடத்தினார்கள். இங்கே பிரசாரம்கூட வேண்டாம். மண்டப உரிமையாளர்களே, நகராட்சி ஆணையர்களே, ஆண்கள் கழிப்பறையின் ஒவ்வோர் அறைக்குள்ளும் மூடி போட்ட ஒரு குப்பைக்கூடை வையுங்கள். கதவுக்கு வெளியே அல்ல, உள்ளே.