கர்ணன் சாகும்போது பையன் ஏன் சிரித்தான்?

கேள்வி: எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் கர்ண மோட்சம் கூத்து விடிய விடிய நடக்கும். கர்ணன் சாயும் இடத்தில் என் மாமியார் இன்றும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதே கதையை இருபது நிமிட கார்ட்டூனாகப் பார்த்த என் மகன் அதே இடத்தில் கலகலவென்று சிரித்தான். பொம்மைப் படம் என்பதாலா? இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசே கல்லா?

வாசகி, திருத்தணி

பதில்: பையனை விட்டுவிடுங்கள் அம்மா, அவன் மேல் தப்பில்லை. பொம்மைப் படத்தின் மேலும் இல்லை. 1942இல் வந்த ‘பாம்பி’யில் தாய்மான் சுடப்பட்டபோது எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் அழுதார்கள். 1988இல் வந்த ‘மின்மினிகளின் கல்லறை’ என்ற ஜப்பானியப் படத்தில் போரில் அநாதையான அண்ணனும் தங்கையும் வருகிறார்கள். முழுக்கச் சித்திரம்தான். பெரியவர்களே அதை இரண்டாம் முறை பார்க்கத் தயங்குவார்கள். ஆக, குற்றவாளி கதையை இருபது நிமிடமாக வெட்டிய கத்தரிக்கோல்.

கர்ணன் பிழைத்துவிடுவான் என்று நம்பி எந்த மாமியாரும் கூத்துக்குப் போவதில்லை. தெரிந்த முடிவு வந்து சேரத் தாமதமாகிறதே, அந்த நேரத்தில்தான் துக்கம் ஊறுகிறது. கூத்தில் அந்தத் தாமதத்தின் பெயர் பொன்னுருவி. போருக்குக் கிளம்பும் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். அவளோ அவன் பிறப்பைச் சொல்லி இகழ்ந்து வந்தவள். தர்க்கம் பாட்டும் வசனமுமாக நீள்கிறது. பின்பாட்டுக்காரர்கள், அதாவது வேஷக்காரர் பாடிய அடியைத் திருப்பிப் பாடுகிறவர்கள், ஒவ்வொரு அடியையும் மறுபடி எடுக்கிறார்கள். இவன் திரும்பி வரப்போவதில்லை என்பது கூட்டத்துக்குத் தெரியும். சண்டை போடுகிற அவளுக்குத் தெரியாது. கதையைச் சுருக்குகிறவர் முதலில் வெட்டுவது இந்தக் காட்சியைத்தான். ‘இதில் கதையே நகரவில்லையே’ என்பார்! கூடவே கட்டியக்காரனும் (கூத்தின் கோமாளி) போய்விடுவான். அவனிடம் சிரித்துத் தீர்த்திருந்தால் உங்கள் மகனுக்குக் கர்ணனிடம் சிரிக்க மிச்சம் இருந்திருக்காது.

மேல்நாட்டிலும் இதே கணக்குதான். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் எட்டுப் பேர் சாகிறார்கள். முழுதாக நடித்தால் சுமார் நான்கு மணி நேரம். சராசரியாக அரைமணிக்கு ஒரு சாவு. அதையே அரைமணியில் அடக்கினால் நாலு நிமிடத்துக்கு ஒன்று விழும். டாம் ஸ்டாப்பர்ட் என்ற நாடகாசிரியர் 1976இல் இதையே வேடிக்கையாக்கினார். ஷேக்ஸ்பியரின் வரிகளையே எடுத்துக் கால் மணி நேர ‘ஹாம்லெட்’ செய்தார். முடிந்ததும் ஒன்ஸ்மோர் கேட்டதுபோல மொத்தக் கதையும் மறுபடி, இந்த முறை இரண்டு நிமிடத்தில். சொற்கள் சோகத்துக்கு எழுதப்பட்டவைதான். வேகத்தைக் கண்டு கூடம் சிரிக்கிறது.

சுருக்கினால் கெட்டே தீரும் என்றும் சொல்லமாட்டேன். 1992இல் வேல்ஸ் நாட்டுத் தொலைக்காட்சியும் ரஷ்யக் கலைஞர்களும் சேர்ந்து ஷேக்ஸ்பியர் நாடகங்களை அரைமணிக்கும் குறைவான சித்திரப் படங்களாக்கினார்கள். சுருக்கியவர் லியான் கார்ஃபீல்டு. ‘ஹாம்லெட்’டை இயக்கிய நடாலியா ஓர்லோவா கண்ணாடி ஓவிய முறையைக் கையாண்டார்: கண்ணாடியில் வரைந்து, படம் எடுத்து, கொஞ்சம் அழித்து, அதன் மேலேயே அடுத்த அசைவை வரைவது. அதில் உருவங்கள் வெடுக்கென்று மாறுவதில்லை, கரைந்து மாறுகின்றன. வசனத்தில் பறிபோன தாமதத்தில் கொஞ்சத்தை அந்தக் கரைதல் மீட்டுத் தருகிறது என்பது என் கணிப்பு.

அடுத்த திருவிழாவுக்கு மகனையும் பாயோடு கூட்டிப் போங்கள். பாதியில் தூங்குவான், தூங்கட்டும். கட்டியக்காரன் வந்தால் தானே எழுந்துகொள்வான்; பொன்னுருவி வரும்போது மட்டும் எழுப்பிவிடுங்கள். அழுகிறானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாமியார் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும்.