கோஸ் மினார் - பெருவழியின் பழைய மைல்கல்

தில்லியிலிருந்து பானிப்பட், கர்னால் வழியாக அம்பாலாவுக்கோ, பரீதாபாத், பல்வல் வழியாக மதுராவுக்கோ பயணம் செய்யாத தில்லித் தமிழர் குறைவு. வழியில் வயலின் நடுவிலும் வீடுகளின் இடுக்கிலும் செங்கல் தூண்கள் தனித்து நிற்கும். கோயிலுமல்ல, சமாதியுமல்ல, வாசலோ படிக்கட்டோ கிடையாது. இவையே கோஸ் மினார்கள். முகலாயர் காலத்து மைல்கற்கள்.

'கோஸ்' என்பது வடநாட்டின் பழைய தூர அளவு. 'குரோசம்' என்னும் வடசொல்லின் திரிபு. கூப்பிடும் குரல் எட்டும் தூரம் என்பது அதன் அடிப்படைப் பொருள். நாமும் 'கூப்பிடு தூரம்' என்கிறோம் அல்லவா? கோஸின் நீளம் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறியது. பொதுவாக 2 மைல், அதாவது 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் எனக் கொள்ளலாம்.

ஷேர்ஷா (1540-1545) பெருவழிகளில் சத்திரங்கள் கட்டி மரங்கள் நட்டார். அக்பர் 1575-இல் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் வரை கோஸுக்கு ஒரு தூண் எழுப்ப ஆணையிட்டார். ஜஹாங்கீர் 1619-இல் ஆக்ரா - லாகூர் வழியில் கோஸுக்கு ஒரு தூணும், மூன்று கோஸுக்கு ஒரு கிணறும் அமைக்கச் சொன்னார். அந்த வழி சுமார் 600 கிலோமீட்டர். கணக்கிட்டால் ஏறக்குறைய 200 தூண்கள் வரும்.

தூணின் உயரம் சுமார் 30 அடி. கீழ்ப்பகுதி எண்கோணம், மேற்பகுதி வட்டமாகி, உயர உயரச் சிறுக்கும். செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். மலையில்லாத சமவெளியில், பயிரும் புழுதியும் மறைக்காமல் தொலைவிலிருந்தே தெரிவதற்கு இந்த உயரம் தேவைப்பட்டது. தூணில் எண் எதுவும் இல்லை. வழிப்போக்கர் தூண்களை எண்ணியே தூரம் அறிந்தனர்.

நம் நாட்டு முறை வேறு. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த 'அதியமான் பெருவழி' கற்களில் நாவற்றாவளத்துக்கு எத்தனை காதம் என்பது எழுத்திலும் எண்ணிலும் வெட்டப்பட்டுள்ளது. எழுதப் படிக்கத் தெரியாதவர் தடவிப் பார்த்து அறியும்படி குழிகளும் உண்டு. இங்கே உயரம் வழி சொல்லியது. அங்கே எழுத்தும் குழியும் சொல்லின. ஹரியானாவைக் கடக்கும் இன்றைய தேசிய நெடுஞ்சாலை 44 தருமபுரி வழியாகவே கன்னியாகுமரியை அடைகிறது என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியே.

ஹரியானாவில் மட்டும் 49 மினார்கள் எஞ்சியுள்ளன. தில்லியில் ஒன்று மிருகக்காட்சி சாலைக்குள்ளேயே நிற்கிறது. பல மினார்கள் இன்றைய நெடுஞ்சாலையை விட்டு விலகி நிற்பதேன் என்று சிலர் கேட்கிறார்கள். விலகியது சாலைதான், மினார் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒன்றையடுத்து ஒன்றாகப் புள்ளி வைத்து வரைபடத்தில் இணைத்தால் பழைய பாதை தானே வெளிப்படும். ஆகவே ஒரு மினார் இடிந்தால் போவது செங்கல் மட்டுமல்ல, அந்தக் கோட்டின் ஒரு புள்ளியும் போய்விடும். இடம் மாற்றி வைத்தாலும் அதே இழப்புதான்.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்ப 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தம் தடை விதிக்கிறது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. நான் பார்த்த சில மினார்களின் அருகிலிருந்த பலகை, சேதப்படுத்தினால் தண்டனை என்று எச்சரிக்கிறதே தவிர, இது என்ன, யார் கட்டியது என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாத பொருளை யார் காப்பார்கள்? இந்தியிலும் ஆங்கிலத்திலும் நாலு வரி வரலாறு எழுதி வைத்தால் ஊராரே காவலர் ஆவார்கள்.

அடுத்த முறை அவ்வழியே காரில் செல்லும்போது பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். ஒரு மினாரிலிருந்து அடுத்ததற்கு எத்தனை கிலோமீட்டர் என்று குறிக்கச் சொல்லுங்கள். 3-க்குச் சற்று மேல் வந்தால் ஒரு கோஸ். 6-க்கு மேல் வந்தால் இடையில் ஒரு மினார் மறைந்துவிட்டது என்று பொருள். புத்தகத்தில் படிப்பதைவிட இந்தப் பாடம் மனத்தில் நன்கு பதியும்.